எங்கள் இணைப்பின் பதிவேட்டை யார் யார் புரட்டலாம்? கடலூர், புதுச்சேரி இணையச் சேவையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் ஃபைபர் இணைப்பு வழங்கும் உள்ளூர் நிறுவனத்தார், அவர்களுடைய முகவர்கள், கேபிள் உரிமையாளர்கள்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். உங்கள் சந்தாதாரர்களில் ஒருவராக இதை எழுதுகிறேன். எனக்கு வீடு திருப்பாதிரிப்புலியூரில். நான் நடத்தும் சிறிய கணினிப் பயிற்சி வகுப்பு அரியாங்குப்பத்தில். இரண்டு இடத்திலும் வெவ்வேறு உள்ளூர் நிறுவனங்களின் இணைப்பைப் பயன்படுத்துகிறேன். ரெட்டிச்சாவடிக்கும் கன்னியகோயிலுக்கும் இடையில் ஆட்சி மாறுகிறது, பெட்ரோல் விலை மாறுகிறது. ஆனால் தொலைத்தொடர்புக் கணக்கில் இரண்டு ஊரும் தமிழ்நாடு சேவைப் பகுதிக்குள்தான் வருகின்றன. ஆகவே இந்த மடலில் நான் கேட்கப்போவது எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கும் அந்தப் பக்கம் இருப்பவருக்கும் ஒன்றேதான்: சந்தாதாரர் இணையத்தில் எங்கெங்கு போகிறார், எதைப் பதிவிறக்குகிறார் என்ற விவரம் உங்கள் கையில் சேர்கிறது, அதை உங்கள் அலுவலகத்தில் யார் பார்க்கலாம், எதற்காகப் பார்க்கலாம் என்பதை எழுத்தில் வரையறுத்து எங்களிடம் சொல்லுங்கள்.

நாடு முழுவதும் கோடிக்கணக்கில் இணைப்பு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். அங்கே எழுதினால் இயந்திரம் ஒன்று வணக்கம் சொல்லிப் புகார் எண் தரும், அத்தோடு சரி. உங்களை நாங்கள் முகம் தெரிந்து வைத்திருக்கிறோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறி, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டித் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்றபோது, கம்பத்துக்குக் கம்பம் ஏறி அறுந்த ஃபைபரை ஒட்டுப்போட்டவர்கள் உங்கள் பையன்கள்தான். அந்த உழைப்பின் மீது எனக்குள்ள மதிப்பில் குறைவில்லை. ஆனால், முகம் தெரிந்தவர் கையில் பதிவேடு இருப்பது, முகம் தெரியாத நிறுவனத்திடம் இருப்பதைவிடச் சில வகைகளில் அதிக ஆபத்தானது என்பதால்தான் இந்தக் கேள்வியை முதலில் உங்களிடம் வைக்கிறேன்.

உங்களால் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்பதில் சந்தாதாரர்களிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. ஒரு சாரார், நாம் வாட்ஸ்அப்பில் எழுதும் ஒவ்வொரு வரியும் கேபிள்காரர் திரையில் ஓடுகிறது என்று அஞ்சுகிறார்கள். மற்றொரு சாரார், பூட்டுப் படம் போட்ட தளத்தில்தானே இருக்கிறோம், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று நம்புகிறார்கள். இரண்டும் சரியல்ல. இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த இணைப்பில் இயங்குவதால், ஒரு பக்கத்தில் நாங்கள் எதைப் படித்தோம், எந்தக் கடவுச்சொல்லை இட்டோம், யாருக்கு என்ன எழுதினோம் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போனோம் என்பது பெரும்பாலும் தெரியும். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கேள்வி வழக்கமாக உங்கள் சர்வருக்குத்தான் வருகிறது. ரவுட்டரை மாட்டும்போதே உங்கள் ஆள் அப்படித்தான் அமைத்துவிட்டுப் போகிறார். அதை மாற்றிக்கொண்டாலும், மறையாக்க இணைப்பு தொடங்கும் முதல் கணத்தில் தளத்தின் பெயர் எஸ்என்ஐ என்னும் பகுதியில் பெரும்பாலும் திறந்த எழுத்திலேயே கடந்துபோகிறது. இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஜியோ இந்தப் பகுதியைப் படித்தே தளங்களைத் தடுக்கிறது என்பதைப் பெங்களூருவின் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம் 2019 இல் சோதித்து வெளியிட்டது. தடுப்பதற்காகப் படிக்க முடிகிறதென்றால் குறித்துவைப்பதற்காகவும் படிக்க முடியும்.

இவற்றோடு, எந்த நேரத்தில் எந்த முகவரியோடு தொடர்பு ஏற்பட்டது, எந்த நேரத்தில் முடிந்தது, எவ்வளவு தரவு போனது, எவ்வளவு வந்தது என்ற விவரமும் உங்களிடம் சேர்கிறது. தொழிலில் நீங்கள் ஐபிடிஆர் என்று சொல்லும் பதிவு அது. உள்ளடக்கம் இல்லாத வெறும் பட்டியல்தானே என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஒரு வீட்டிலிருந்து நள்ளிரவுக்கு மேல் தொடர்ந்து சில வாரங்கள் மனநல ஆலோசனைத் தளம் ஒன்றுக்குத் தொடர்பு போகிறது. பிறகு வழக்கு நிலவரம் காட்டும் நீதிமன்றத் தளத்துக்குப் போகிறது. பிறகு வாடகை வீடு தேடும் தளத்துக்குப் போகிறது. ஒரு வரிகூடப் படிக்காமலேயே அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்து, இத்தகைய தொடர்புப் பதிவுகளை 6 மாதம் முதல் 24 மாதம் வரை எல்லோருக்கும் சேமித்துவைக்கச் சொன்னது. 2014 ஏப்ரலில் அந்த ஒன்றியத்தின் நீதிமன்றமே அதைச் செல்லாது என்று அறிவித்ததற்கு முக்கியக் காரணம், உள்ளடக்கம் இல்லாத இந்தப் பதிவுகளைக் கொண்டே ஒருவரின் அன்றாட வாழ்க்கையைப் பற்றித் துல்லியமான முடிவுகளுக்கு வந்துவிட முடியும் என்பதுதான்.

ரவுட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் எங்கள் சுவரில் மாட்டும் பெட்டியை அலுவலகத்திலிருந்தே திறக்கும் வசதி உங்களிடம் இருக்கிறது. ஒருமுறை வகுப்பில் வேகம் குறைந்ததென்று நான் அழைத்தபோது, எதிர்முனையில் பேசிய இளைஞர் மிகுந்த உதவி மனப்பான்மையோடு, "மேடம், உங்க வைஃபைல பன்னெண்டு டிவைஸ் ஓடுது, அதான் ஸ்லோ" என்றார். சொன்னதோடு நிற்காமல் ஒவ்வொன்றின் பெயரையும் படித்துக் காட்டினார். மாணவிகள் தங்கள் கைப்பேசிக்குத் தங்கள் பெயரையே இட்டிருந்தார்கள். முகம் பார்த்திராத ஒருவர், என் வகுப்பறையில் அந்த நேரத்தில் உட்கார்ந்திருந்த பெண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. கேட்டதைவிடக் கூடுதலாக உதவினார், அவ்வளவே. ஆனால் அந்தத் திரையை யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்பதும், திறந்ததற்கு எந்தக் குறிப்பும் எங்கும் பதிவாவதில்லை என்பதும் அவரிடம் பேசிய சற்று நேரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

இனி, சட்டம். "கவர்ன்மென்ட் ரூல்ஸ், நாங்க வச்சுத்தான் ஆகணும்" என்பதே இது பற்றிக் கேட்கும்போதெல்லாம் உங்கள் அலுவலகங்களில் கிடைக்கும் பதில். அது பாதி உண்மை. தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில், இணையச் சேவை நடத்தத் தரப்படும் ஒருங்கிணைந்த உரிமத்தின் நிபந்தனையைத் திருத்தி, அதுவரை ஓராண்டாக இருந்த பதிவுக் காலத்தைக் குறைந்தது 2 ஆண்டுகளாக்கியது. 2022 ஏப்ரல் 28 அன்று வெளியான, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் ஆணை, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. அதே ஆணை, இணையப் போக்குவரத்தை மறையாக்கி வேறு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் சேவை தருபவர்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றதால், நார்ட்விபிஎன், எக்ஸ்பிரஸ்விபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு போயின. எனவே, வைத்திருக்கத்தான் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த நிபந்தனையே சரியா என்று கேட்டு நான் வழக்காட வேண்டிய இடம் டெல்லியே தவிர, உங்கள் அலுவலகம் அல்ல.

மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. உரிமம் பதிவைப் பாதுகாப்புக் காரணங்களுக்காக, அரசு கேட்கும்போது காட்டுவதற்காக வைத்திருக்கச் சொல்கிறது. காலம் முடிந்தபின் வேறு உத்தரவு இல்லாவிட்டால் அழிக்கவும் அனுமதிக்கிறது. அதே உரிமத்தில் சந்தாதாரர் பற்றிய தகவலின் இரகசியத்தைக் காக்கும் கடமையும் எழுதப்பட்டிருக்கிறது. 2023 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42 ஆவது பிரிவு, அனுமதியின்றித் தொலைத்தொடர்பு வலையமைப்பின் தரவை அணுகுவதற்கும் செய்தியை இடைமறிப்பதற்கும் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு, ஒப்பந்தத்தின் பேரில் கிடைத்த தனிப்பட்ட தகவலைத் தீங்கு விளைவிக்கும் எண்ணத்தோடு, அல்லது தீங்கு விளையும் என்று தெரிந்தே, அதற்குரியவரின் இசைவின்றி வெளியிட்டால் 3 ஆண்டு வரை சிறை என்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அரசியல் சாசனத்தின் 21 ஆவது பிரிவு தரும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்திருக்கிறார்கள். பதிவேட்டை வைத்திருக்கும் கடமை வேறு, அதைப் படிக்கும் உரிமை வேறு. முதலாவதை அரசு உங்கள் மீது சுமத்தியிருக்கிறது. இரண்டாவதை யாரும் உங்களுக்குத் தரவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 ஜூலையில் தந்த பரிந்துரையில், தகவலுக்கு உரிமையாளர் பயனரே, அதைக் கையாளும் நிறுவனங்கள் வெறும் காப்பாளர்களே என்று வெளிப்படையாகச் சொன்னது.

அந்த வேறுபாடு நடைமுறையில் எப்படி அழிந்துபோகிறது என்பதற்கு என் வகுப்பில் நடந்ததையே சொல்கிறேன். மாணவர்களுக்கு உபுண்டு லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிக் காட்டுவதற்காக அதன் கோப்பை டோரண்ட் வழியாக இறக்கினேன். ஐந்தாறு ஜிபி அளவுள்ள கோப்பு அது. ஒரே சர்வரின் மீது பாரம் விழாமலிருக்க உபுண்டுவின் தளமே டோரண்ட் இணைப்பைத் தருகிறது. லினக்ஸ் ஏதோ திருட்டுச் சரக்கு என்று எண்ணுபவர்களுக்காக ஓர் இடைக்குறிப்பு: தமிழ்நாடு அரசு பள்ளி மாணவர்களுக்கு இலவசமாகத் தந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸும் இருந்தது. மறுநாள் காலையில் சேவை நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. "மேடம், உங்க லைன்ல டோரண்ட் ஓடியிருக்கு. புதுப்படம் டவுன்லோடு பண்ணா போலீஸ் கேஸ் ஆயிடும், பசங்க கிட்ட சொல்லி வையுங்க." படம் எதுவும் இறக்கவில்லை என்று நான் சொன்னதற்கு, எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்னும் பொருளில் ஒரு சிரிப்பு.

இந்தச் சிறு உரையாடலுக்குள் எத்தனை பிழைகள் என்று பாருங்கள். டோரண்ட் என்பது கோப்பைத் துண்டு துண்டாகப் பலரிடமிருந்து பெறும் முறை. முறை குற்றமல்ல, எதைப் பெறுகிறோம் என்பதைப் பொறுத்ததே குற்றம். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான முகவரிகளோடு தொடர்பு இருப்பதை வைத்து இது டோரண்ட் என்று உங்கள் கருவி வகைப்படுத்தியிருக்கும். என்ன கோப்பு என்பதை அது சொல்லியிருக்காது. ஆகவே பதிவேட்டைத் திறந்து, தெரிந்த பாதியைக் கொண்டு தெரியாத பாதியை ஊகித்து, ஒரு பயிற்சி வகுப்பின் மாணவர்களைத் திருடர்களாக்கியிருக்கிறார்கள். அப்படித் திறக்கச் சொல்லிக் காவல்துறை கேட்கவில்லை, நீதிமன்றம் கேட்கவில்லை, நானும் புகார் எதுவும் தரவில்லை.

திருட்டுப் படத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. படம் வெளியான அன்று மாலையே அது கைப்பேசிகளில் சுற்றுவதால் நட்டப்படுவது நட்சத்திரங்கள் மட்டுமல்லர், தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவரும்தான். அரங்கில் படத்தைப் பதிவுசெய்பவர்களுக்குக் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை என்று 2023 இல் திரைப்படச் சட்டம் கடுமையாக்கப்பட்டதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால், இணையச் சேவையாளர்கள் காவலர் வேடம் போட்டபோது என்ன நடந்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. 2012 இல் '3' என்ற திரைப்படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெறப்பட்ட தடையாணையைக் காட்டி, சேவையாளர்கள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் போன்ற தளங்களை முழுமையாக மூடிவிட்டார்கள். அந்தப் படத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத லட்சக்கணக்கான பக்கங்களும் அதோடு மறைந்தன. படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும் தடுத்தால் போதும் என்று அந்த ஆண்டு ஜூனில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. 2016 ஆகஸ்டில் இன்னொரு வேடிக்கை. தடுக்கப்பட்ட பக்கத்தைத் திறந்தால், இதைப் பார்ப்பதும் பதிவிறக்குவதும் 3 ஆண்டு சிறைக்கும் 3 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம் என்ற அறிவிப்பு வந்து பலரின் தூக்கத்தைக் கெடுத்தது. மும்பை உயர் நீதிமன்றம் அதே மாதத்தில், பார்ப்பது மட்டுமே குற்றமாகாது, அனுமதியின்றி விநியோகிப்பது, பொதுவில் திரையிடுவது, விற்பனைக்கோ வாடகைக்கோ விடுவது ஆகியவையே குற்றம் என்று விளக்கி, அறிவிப்பின் வாசகத்தை மாற்றச் சொன்னது. எனக்கு வந்த தொலைபேசி மிரட்டலும் அந்தப் பழைய அறிவிப்பின் பேச்சு வடிவம்தான்.

தவறான ஆளைக் குற்றவாளியாக்கும் வாய்ப்பு உங்களைப் போன்ற சிறிய வலையமைப்புகளில் இன்னும் அதிகம். இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் பொது ஐபி முகவரிகள் போதாமையால், ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறீர்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முத்தியால்பேட்டையில் ஒரு வீடும் லாஸ்பேட்டையில் இருபது வீடுகளும் ஒரே முகவரியாகத் தெரியும். எந்த நொடியில் எந்த போர்ட் எண் (பகிர்ந்த முகவரியில் ஒவ்வொரு தொடர்பையும் பிரித்துக் காட்டும் எண்) எந்த வீட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்பதைச் சரியாகக் குறித்துவைத்தால்தான் ஆளைப் பிரித்துச் சொல்ல முடியும். சர்வரின் கடிகாரம் சற்றுப் பிசகியிருந்தாலோ, போர்ட் எண்ணைப் பதிவுசெய்யாமல் விட்டிருந்தாலோ, அடுத்த தெருக்காரர் செய்ததற்கு இந்த வீட்டுக் கதவு தட்டப்படும். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பதிவையே இவ்வளவு கவனத்தோடு வைக்க வேண்டியிருக்கும்போது, அதைப் பொழுதுபோக்காகத் திறந்து பார்த்து எச்சரிக்கை விடுக்கும் வேலை உங்களுக்கு எதற்கு?

அந்தத் தொலைபேசி அழைப்பாவது என்னிடம் நேரடியாக வந்தது. இதைவிட மோசமான ஒன்றை மாதக் கட்டணம் கட்டப் போன இடத்தில் என் காதாலேயே கேட்டேன். முன்னால் நின்றவர் ஐம்பதைத் தாண்டியவர், வேகம் போதவில்லை என்று குறைசொல்லிக்கொண்டிருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் திரையைப் பார்த்தபடியே, "அண்ணே, ஸ்பீடெல்லாம் கரெக்டா போவுது. தம்பி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கான், அது தெரியுமா உங்களுக்கு? என்னத்தப் பாக்குறான்னு நான் சொல்லக்கூடாது" என்று கண்ணடித்தார். சுற்றி நின்ற இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. ரசீதை வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையைக் கேட்காமலேயே படியிறங்கிவிட்டார். அந்தப் பையன் போட்டித் தேர்வுக்குப் படித்திருக்கலாம், கிரிக்கெட் பார்த்திருக்கலாம், வேறெதையோ பார்த்திருக்கலாம். அவன் வயது வந்தவனாக இருந்தால் அது அவன் பாடு. சிறுவனாக இருந்தால் அது அவன் வீட்டாரின் பாடு. எப்படியிருந்தாலும் கட்டணம் வாங்கும் மேசையின் பாடு அல்ல.

சிறிய ஊரில் இதுதான் சிக்கல். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இணையக் கண்காணிப்பு என்று எழுதுகிறவர்கள், எங்கோ இருக்கும் நிறுவனம் தரவைச் சேர்த்து விளம்பரத்துக்கு விற்பதைப் பற்றித்தான் பெரும்பாலும் கவலைப்படுகிறார்கள். நமக்கு அதற்கு முன்பே வேறு கவலை வந்துவிடுகிறது. பதிவேட்டைத் திறப்பவர் நம் தெருவில் குடியிருப்பவர், நம் வீட்டுக் காதுகுத்துக்கு வருபவர், நம் மைத்துனரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். கணவனிடம் அடிபடும் பெண் உதவி எண்ணைத் தேடினாலும், சிப்காட் ஆலையில் வேலைபார்ப்பவர் மாசு பற்றிப் புகார் தரும் தளத்தைத் திறந்தாலும், திருமணம் நிச்சயமான வீட்டில் ஒருவர் ஏதோ ஒரு நோயைப் பற்றி வாசித்தாலும், அதை அறிந்துகொள்ளக்கூடிய முதல் ஆள் டெல்லியில் இல்லை, மஞ்சக்குப்பத்திலோ நெல்லித்தோப்பிலோ இருக்கிறார். நம் ஊர் மருந்துக் கடைக்காரருக்கு எந்த வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை என்பது மனப்பாடம். ஆனால் அவர் அதைத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதில்லை, பேசினால் மறுநாள் கடைக்கு ஆள் வராது என்பதும் அவருக்குத் தெரியும். உங்களிடம் நான் எதிர்பார்ப்பது அந்த அளவு வாயடக்கத்தையும், அதற்கு மேல் எழுத்தில் ஒரு விதியையும்தான்.

விளம்பர வருமானத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் பெரும்பாலோர் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை என்றே நினைக்கிறேன். 2015 இல் ஏர்டெல்லின் 3ஜி இணைப்பில், பயனர் திறக்கும் பக்கத்துக்குள் வேறொரு நிறுவனத்தின் நிரல்துண்டு செருகப்படுவதைப் பெங்களூரு நிரலாளர் ஒருவர் கண்டுபிடித்து வெளியிட்டார். செருகிய நிரலை எழுதிய இஸ்ரேலிய நிறுவனத்திடமிருந்து அவருக்கே வக்கீல் நோட்டீஸ் வந்தது. அமெரிக்காவில், சந்தாதாரரின் இணைய நடவடிக்கைத் தகவலைப் பயன்படுத்த முன்அனுமதி வேண்டும் என்று 2016 இல் வந்த விதியை, நடைமுறைக்கு வருவதற்குள் 2017 இல் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. நாளைக்கு யாராவது உங்களிடம் வந்து, டிஎன்எஸ் பதிவுகளைத் தந்தால் இணைப்புக்கு இத்தனை ரூபாய் தருகிறோம் என்று பேசக்கூடும். அப்போது, பெயரை நீக்கிவிட்டுத்தான் தருகிறோம் என்ற சமாதானத்தை நம்பாதீர்கள். மேலே சொன்ன பட்டியலில் பெயர் எங்கும் இல்லை, ஆனாலும் வீடு தெரிந்துவிட்டது.

அடுத்தது, நீங்கள் வெளியே சொல்லத் தயங்கும் விஷயம். காவல் நிலையத்திலிருந்து தொலைபேசியில், "அந்த நம்பர் வீட்டு லைன் டீட்டெயில்ஸ் கொஞ்சம் அனுப்புப்பா" என்று கேட்டால், இங்கேயே தொழில் செய்து, இங்கேயே கம்பத்துக்கு அனுமதி வாங்கிப் பிழைக்க வேண்டிய உங்களால் மறுக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் மறுக்க வேண்டியதில்லை. எழுத்தில் கேளுங்கள் என்று சொன்னால் போதும், சட்டம் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. ஏற்கெனவே சேமித்த பதிவைப் பெற, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94 ஆவது பிரிவில் எழுத்துபூர்வமான வழி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தொடர்பை இடைமறிக்க வேண்டுமென்றால் நிலைய அதிகாரி கேட்டாலும் செல்லாது. 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட இடைமறிப்பு விதிகளின்படி மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலரின் ஆணை வேண்டும், அது 60 நாட்களுக்குத்தான் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாட்களைத் தாண்டக் கூடாது. அவசர நிலையில் விதி குறிப்பிடும் உயர் அதிகாரி ஆணையிட்டாலும், 7 வேலை நாட்களுக்குள் அது உறுதிசெய்யப்படாவிட்டால் இடைமறிப்பை நிறுத்திவிட வேண்டும். தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு முறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 இல் சொன்னதிலிருந்து தொடரும் ஏற்பாடு இது. வாய்வழிக் கோரிக்கைக்குத் தகவல் கொடுத்து, நாளை அது தவறான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், கேட்டவர் கேட்கவே இல்லை என்று சொல்லிவிடுவார். மாட்டிக்கொள்வது உங்கள் பணியாளர்.

ஆகவே, நான் கேட்பவை இவை. எந்தெந்தப் பதிவை, எவ்வளவு காலத்துக்கு வைத்திருக்கிறீர்கள் என்பதைக் கட்டணம் கட்டும் இடத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய அறிவிப்பை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளில் பெறும் வாய்ப்பைப் பயனருக்குத் தருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முக்கியமான கடமைகள் 18 மாதங்களில் நடைமுறைக்கு வரவிருக்கின்றன. தரவைப் போதிய பாதுகாப்பின்றி வைத்திருந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று சொல்லும் சட்டம் அது. கடைசி நாள் வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்கினால் உங்களுக்குத்தான் நிம்மதி.

பதிவேட்டைத் திறக்கும் கடவுச்சொல்லை அலுவலகம் முழுவதற்கும் பொதுவாக வைக்காமல், பொறுப்பான ஓரிருவரிடம் மட்டும் கொடுங்கள்; அவர்களும் எப்போது, யாருடைய விவரத்தை, எந்தக் கடிதத்தின் பேரில் திறந்தார்கள் என்பது தானாகப் பதிவாகட்டும். கட்டணம் வாங்குபவருக்கு, பணம் கட்டியாயிற்றா, எந்த பிளான், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்ற மூன்றுக்கு மேல் திரையில் எதுவும் தெரிய வேண்டியதில்லை. பழுதுபார்க்க ரவுட்டருக்குள் நுழைய வேண்டியிருந்தால் சந்தாதாரரிடம் கேட்டுவிட்டு நுழையட்டும். புதிய ரவுட்டரை மாட்டும்போது, எல்லா வீட்டுக்கும் ஒரே கடவுச்சொல் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடட்டும். கைப்பேசி எண்ணையே வைஃபை கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போகும் ஆட்களும் இருக்கிறார்கள். அதை என் வகுப்பு மாணவர்களே நிமிடத்தில் ஊகித்துவிடுவார்கள்.

டிஎன்எஸ்ஸை மாற்றிக்கொள்ளும் சந்தாதாரரையும் விபிஎன் பயன்படுத்தும் சந்தாதாரரையும் சந்தேகத்தோடு பார்க்காதீர்கள். இரண்டும் இந்த நாட்டில் குற்றமல்ல; பெங்களூரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்கள் நம் ஊரில் பலர், அவர்களுடைய மடிக்கணினி விபிஎன் இல்லாமல் திறக்கவே திறக்காது. பதிவிறக்கம் பற்றி நீதிமன்ற ஆணையோ, முறையான புகாரோ வந்தால், அதை அப்படியே சந்தாதாரருக்கு எழுத்தில் அனுப்பிவையுங்கள். அப்படி எதுவும் வராதபோது எங்கள் பதிவிறக்கத்தைப் பற்றி எங்களை அழைக்காதீர்கள். காலம் முடிந்த பதிவுகளை, வட்டில் இடமிருக்கிறது என்பதற்காக வைத்துக்கொண்டிராமல், சட்டம் அனுமதிக்கும் நாளில் அழித்துவிடுங்கள். உங்களிடம் இல்லாத பதிவு திருடுபோகாது.

இவற்றுக்குச் செலவு ஆகும் என்பீர்கள். ஆகும், ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு அல்ல. கடவுச்சொல்லைப் பிரிப்பதற்கும், அறிவிப்பு ஒட்டுவதற்கும், பணியாளர்களை உட்காரவைத்து ஒரு மணிநேரம் பேசுவதற்கும் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. அந்த வகுப்பைக் கட்டணமின்றி நடத்தித் தர நான் தயார். கடலூரில் என்றாலும் சரி, அரியாங்குப்பத்தில் என்றாலும் சரி.

என் வீட்டுக்கும் வகுப்புக்கும் சேவை தரும் இரு நிறுவனங்களுக்கும் இதே மடலின் அச்சுப் படியைக் கையொப்பமிட்டு, பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். என் இரண்டு இணைப்புகளுக்கும் என்னென்ன பதிவுகள் வைத்திருக்கிறீர்கள், அவற்றை இதுவரை யார் யார் திறந்திருக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் விளக்கம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்,
கணினிப் பயிற்றுநர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்